வாசலில் நின்ற டெம்போ

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் தொண்ணூறுகளில் புனேயில் பெட்ரோல் காருக்கு டீசல் எஞ்சின் மாற்ற வேண்டுமென்றால், ஹடப்சர் பக்கம் என் கேரேஜுக்குத்தான் வருவார்கள். இன்று ஐ.டி. கம்பெனிகள் நிற்கிற மகர்பட்டா அப்போது வெறும் கரும்புக் காடு. எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அத்தனை வண்டிகளை அறுத்து ஒட்டிய நான், ஒரே ஒரு வண்டியில் மட்டும் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சீமைக் கார், கப்பல் மாதிரி நீளம். நகரத்துக்குள் முற்றம் வைத்த ஒரு பழைய மராட்டி வாடா வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. வீட்டுக்கார மராட்டி அம்மாள் விதவை. விலைக்குக் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு எனக்குக் கொடுத்தார்.

"அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும் மிஸ்திரி. தசராவுக்கு தசரா வாசலுக்குக் கொண்டு வா. நான் ஆரத்தி எடுக்கணும்" என்றார் மராட்டியில். பானெட்டில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டாலும் சத்தியம் தவறவில்லை. ஒவ்வொரு தசராவுக்கும் கேந்திப் பூமாலை போட்டுக் கொண்டுபோவேன். எஞ்சின் ஓடுவதே தெரியாது. பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். நான் இறங்குவதற்குள் அம்மாள் தட்டோடு வாசலில் நிற்பார். பின்னாட்களில் அவருக்குக் கண் சுத்தமாக மங்கிவிட்டது. அப்போதும் அப்படித்தான் நின்றார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, கோவில்பட்டியில் மாடி வீடு கட்டுவதற்காக ஆறு வாரம் ஊரில் இருந்தேன். கேரேஜ் சாவி என் மச்சினனிடம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் ரயிலேறி வந்தவனை மேஸ்திரியாக்கியது நான். தசராவுக்கு முதல் நாள் திரும்பி வந்து பானெட்டைத் திறந்தேன். உள்ளே டீசல் எஞ்சின்.

"என்னலே செஞ்சு வச்சிருக்க?"

"அத்தான், கோவப்படாதீங்க. பழசுக்கு பார்ட்ஸ் கெடைக்க மாட்டேங்குது. வாகட் ஏரியாவுல கல்யாண ஊர்வலம் நடுவுல நின்னு போச்சு. மாப்பிள்ளையோட அப்பா எறங்கித் தள்ளுனாரு. ஓடாத காரு பீரோதான? மேல பாருங்க, ஒரு கோடு விழல. ஏசி வேற போட்டிருக்கேன்."

"பழைய எஞ்சின் எங்க?"

"பழைய இரும்பு எடுக்குற கபாடிக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். இந்நேரம் ஒடச்சிருப்பான்."

என் முகத்தைப் பார்த்தவன், "நீங்க மாத்தாத எஞ்சினா அத்தான்? ஊர் வண்டியெல்லாம் மாத்தினீங்க, இது மட்டும் என்ன சாமியா?" என்றான்.

அவன் கேட்டது எரிந்தது. அதைவிட எரிந்தது வேறு ஒன்று. அந்த ஆறு வாரமும் தினம் போனில் பேசினான். கம்பி வந்ததா, கான்கிரீட் போட்டாச்சா என்று அக்கறையாகக் கேட்டான். இதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் அதே காரைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். மேல்பூச்சு அப்படியே இருக்கிறது, அம்மாளுக்கோ கண் தெரியாது, தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காதால் கோளாறு கண்டுபிடிக்கிற எனக்குக் காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. மச்சினன் பக்கத்து சீட்டில்.

வாசலில் யாரும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போனேன். விளக்கு ஏற்றாத தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்திரியா? வாசல்ல ஏதோ டெம்போ வந்து நிக்குது. யார் வீட்டுக்கு சாமான்னு கேளு. சீக்கிரம் நகரச் சொல்லு, நம்ம வண்டி வர்ற நேரம்."

"வண்டி ரிப்பேர்ல இருக்கு ஆயி" என்றேன்.

"உன் கையிலதான இருக்கு? அப்ப எனக்குக் கவலையில்ல" என்று, தசராவுக்குத் தங்கம் என்று கொடுக்கிற ஆப்டா இலையில் இரண்டை எடுத்து நீட்டினார். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு வண்டிக்கு."

வெளியே வந்தேன். மச்சினன் சாவியில் கை வைத்தான். தட்டிவிட்டேன். "எறங்குலே" என்றேன். பூமாலையோடு அந்தக் கப்பலைத் தெரு முனை வரை இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம்.