கீழ்மூலை ஐவி

பிஷப் பள்ளத்துக்கு மேலே ஃபெசன்ட் கோழிகள் பறப்பதைப் பார்க்க லண்டனிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பார்த்துவிட்டுப் போய் வருஷம் பூராவும் அதையே பேசித் திரிவார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருபத்து மூன்று வருஷம் நின்றவள் ஐவி வெஸ்டகாட். அவள் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதைச் சொல்லும்போது இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐவி பார்த்தது மறிப்பு வேலை. ஃபெசன்ட் கோழியைப் போல ஒரு சோம்பேறிப் பறவை கிடையாது. ஓடித் தப்பிக்க ஒரு சந்து இருந்தால் போதும், இறக்கையை விரிக்கவே விரிக்காது. வேட்டை நாளில் விரட்டுக்காரர்கள் குச்சியால் மரங்களைத் தட்டிக்கொண்டே மேட்டுக் காட்டுக்குள் வரிசையாக வருவார்கள். கோழிகள் புதருக்கடியில் குடுகுடுவென்று முன்னால் ஓடும். காட்டின் கீழ்மூலையில், வேலி முடிகிற இடத்தில், ஒரு சந்து உண்டு. அங்கே காலையிலிருந்தே ஒரு ஆள் நின்று மரக்கதவின் தூணை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தால்தான் கோழிகள் அந்தப் பக்கம் வராமல் திரும்பும். திரும்பிப் போய் அடுத்த முனையில் கூட்டமாக எழும்பிப் பள்ளத்துக்கு மேலே அவ்வளவு உயரத்தில் பறக்கும். கீழே எட்டுத் துப்பாக்கிக்காரர்கள் அண்ணாந்து நின்று சுடுவார்கள். எங்கள் எஸ்டேட்டுக்குப் பேர் வந்ததே அதனால்தான்.

மேல்மூலையிலும் இதே மாதிரி ஒரு சந்து, அதை மறிக்க வேறொரு ஆள். கீழ்மூலையில் நின்றால் தெரிவது ஒரு மரக்கதவு, மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி, முன்னால் மேட்டின் முதுகு. பள்ளம் மேட்டுக்கு அந்தப் பக்கம். ஐவிக்குக் கொம்புச் சத்தம் கேட்கும், குச்சிச் சத்தம் கேட்கும், படபடவென்று வெடிச் சத்தம் கேட்கும், "அடேயப்பா" என்று யாரோ கத்துவது கேட்கும். அப்புறம் எல்லாம் அடங்கிவிடும். ஆள் வந்து கூப்பிடும்வரை நகரக் கூடாது என்பது சட்டம். இரண்டு தடவை கூப்பிடவே மறந்து போனார்கள். ஒரு தடவை எல்லாரும் சூப் குடித்து முடித்த பிறகு அவள் புருஷன் டென்சில்தான், "ஆமா, என் பொண்டாட்டி எங்க?" என்று கேட்டானாம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அவள் அங்கே போய் மாட்டியதே ஒரு கூத்து. அறுபத்து நாலில், வழக்கமாக நிற்கிறவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. காட்டையும் கோழிகளையும் பார்த்துக்கொண்டிருந்த கிழக் கீப்பர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த ஐவியை, "ஒரே ஒரு நாளைக்கு நில்லும்மா" என்று கொண்டுபோய் நிறுத்தினார். பலமாகத் தட்டினால் கோழி மிரண்டு முன்கூட்டியே கிளம்பிவிடும், மெதுவாகத் தட்டினால் மதிக்காது. ஐவிக்கு அந்தக் கை முதல் நாளே வந்துவிட்டது. ஒரு கோழிகூட நழுவவில்லை. அப்புறம் யார் அவளை இடம் மாற்றுவார்கள்?

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. டென்சில் விரட்டுக்காரர்களை ஏற்றிப்போகும் டிராக்டரை ஓட்டுகிறவன். பள்ளத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டு, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு, சவுகரியமாக எல்லாவற்றையும் பார்ப்பான். சாயங்காலம் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிடுவான். "ஐவி, அந்த மூணாவது கூட்டம் வந்துச்சு பாரு, சர்ச் கோபுர ஒசரம். வெயில்ல செப்புச் சட்டி மாதிரி மின்னுது." அவள் உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். சில நாள் அந்தக் கத்தியை அவன் பக்கம் எறியலாமா என்றுகூடத் தோன்றும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

கிழக் கீப்பர் போய் ராய்ஸ்டன் பக்ஸ்லி வந்தான். பள்ளிக்கூடத்தில் ஐவி ஊற்றிய கஸ்டர்டைக் குடித்து வளர்ந்தவன். சின்ன வயசில் ரெண்டாவது தடவை தட்டை நீட்டினால் இல்லையென்று சொல்லாமல் ஊற்றியிருக்கிறாள். அந்த உரிமையில் வருஷா வருஷம் அவனிடம் கேட்டாள். ஒரே ஒரு தடவை விரட்டு வரிசையில் போடு, இல்லையென்றால் டிராக்டரிலாவது உட்கார வை. அவனும் வருஷா வருஷம், "அடுத்த சீசன்ல கண்டிப்பாக்கா" என்றான். எண்பத்தாறு நவம்பரில் அவள் முட்டி போய்விட்டது. பிப்ரவரியில் அறுத்து உலோக மூட்டு வைக்க வேண்டும், இனிமேல் மேடு ஏறுகிற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த சீசனோடு முடிந்தது. அப்போது பக்ஸ்லி அவள் கையைப் பிடித்து, கடைசி நாள் கீழ்மூலையில் தன் மச்சானை நிறுத்துவதாகச் சத்தியம் பண்ணினான்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. குதிரைலாய முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஐவி புதுக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பக்ஸ்லி காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தான். "மேல்மூலை, க்ளெம் யோ. கீழ்மூலை, ஐவி அக்கா."

"ராய்ஸ்டன், நீ என்கிட்ட என்ன சொன்ன?"

"சொன்னேன்க்கா, இல்லங்கல. மச்சான் காய்ச்சல்ல படுத்துட்டான். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"இங்க முப்பது பேரு நிக்கறீங்க. வேற ஆளே இல்லையா?"

"ஆளு இருக்குக்கா. உங்க கை யாருக்கு இருக்கு? எஸ்டேட் துரையோட மாமனார் வந்திருக்காரு. இன்னைக்குச் சொதப்பினா வேலையோட குடுத்த வீடே போயிடும்."

டிராக்டர் மேலிருந்து டென்சில் வாயைத் திறந்தான். "விடு ஐவி. சாயங்காலம் ஒண்ணு விடாம நான் வந்து சொல்றேன்ல."

"நீ சொன்னது போதும். இன்னைக்கு வாயத் தொறந்தா உனக்குச் சாப்பாடு கிடையாது," என்றாள். முற்றமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே நடந்தாள்.

எட்டரைக்கெல்லாம் தட்ட ஆரம்பித்தாள். பதினொன்றரைக்குத்தான் விரட்டு. நடுவில் துப்பாக்கிக்காரர்களுக்குச் சுடச்சுடச் சாசேஜும் மதுவும் போகும். கீழ்மூலைக்கு எதுவும் வராது. தன் பையிலிருந்த பாஸ்ட்டியை, இறைச்சி அடைத்த ரொட்டியை, எடுத்துக் கடித்தாள். குளிரில் கல்லாகியிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இருபத்து மூன்று வருஷம். அவள் காலடிக்கு ஒரு கோழி வந்திருக்கிறதா? ஒரு மூக்கு எட்டிப் பார்த்திருக்கிறதா? வராத கோழிக்கு எதற்கு ஒரு ஆள்? சும்மா ஒரு சம்பிரதாயத்துக்காகத் தன்னை இங்கே முளையடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாக உறுதிப்பட்டுவிட்டது. தட்டுகிறதால்தான் வரவில்லை என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவே இல்லை. யாருக்குத்தான் ஏறும், அவ்வளவு கோபத்தில்?

கொம்பு ஊதியது. ஐவி மேல்கோட்டைக் கழற்றித் தூணில் மாட்டினாள். கம்பை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

இருநூறு கஜம்தான் இருக்கும். முட்டிக்குள் ஊசி குத்தியது. பாதி வழியில் கையை ஊன்றித் தவழ்ந்தாள். அறுபத்தோரு வயசுப் பொம்பளை ஈரப்புல்லில் தவழ்ந்து போகிறாள், பாருங்கள். உச்சியில் ஒரு காட்டு ஆப்பிள் மரம். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிஷப் பள்ளம் காலடியில் கிடந்தது.

அவ்வளவு ஆழம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அடியில் ஓடை. ஓடையோரம் எட்டுப் பேர், சுண்டுவிரல் அளவுக்கு. அவர்களுக்குப் பின்னால் நாய்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. எதிர் விளிம்பில் டென்சிலின் டிராக்டர், பைப் புகைகூடத் தெரிந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது, சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது. இதோ வரப்போகிறது என்று ஆப்பிள் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குச்சிச் சத்தம் நெருங்கியது. ஒரு பெட்டைக் கோழி தாழப் பறந்து போனது. யாரும் சுடவில்லை. அப்புறம் இரண்டு சேவல்கள். ஒரு புறா. விரட்டுக்காரர்கள் காட்டின் முனைக்கே வந்து வெளியே தலைகாட்டினார்கள். வேறு எதுவும் வரவில்லை. கீழே ஒரு துப்பாக்கிக்காரர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார். பக்ஸ்லி காட்டோரத்தில் இங்கும் அங்கும் ஓடுவது தெரிந்தது.

ஐவி கிளையை விட்டாள். மெதுவாகத் திரும்பித் தன் மூலையைப் பார்த்தாள். மணியடித்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் மாதிரி, கோழிகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒன்றின் பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், தூணில் தொங்கிய அவள் கோட்டைத் தாண்டி, எதிர்ச் சரிவின் காய்ந்த புதருக்குள் நடந்து போயின. இருநூறாவது இருக்கும். அவள் கத்தினாள், கம்பை ஆட்டினாள். கடைசியாக வந்த சேவல் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு அதுவும் போனது.

மத்தியானம் கொட்டகையில் சாப்பாடு.  எஸ்டேட் முதலாளி ஆப்ரி துரை நல்ல மனுஷன், "இதெல்லாம் நடக்கறதுதான் பக்ஸ்லி" என்றார். பக்ஸ்லி முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்திருக்கும்.

"கீழ்மூலைல ஐவி அக்கா, அங்க பேச்சுக்கே இடமில்ல," என்றான். "அப்ப மேல்மூலைதான். க்ளெம், தூங்கிட்டியா?"

க்ளெம் யோ பால் லாரி ஓட்டுகிறவன். ஐம்பது வயசு. விடியுமுன்னே எழுந்து ஊரெல்லாம் கேன் ஏற்றிவிட்டு வருபவன். "தூங்கலப்பா. ஒரு நிமிஷம் கண்ணு அசந்திருக்கலாம்," என்றான். உண்மையைச் சொன்னான், மடையன்.

"அடுத்த சீசன்லேருந்து நீ வர வேணாம்."

ஐவி எழுந்தாள். "அவன் இல்ல. நான்தான் விட்டேன். எடத்த விட்டுட்டு மேட்டுக்கு ஏறிப் போனேன், வேடிக்கை பாக்க."

 டென்சில் சிரித்தான். "இந்த முட்டிய வெச்சுக்கிட்டா? மாடிப்படிக்கே நான் தள்ளிவிடணும்."

"பாவம், க்ளெம்மைக் காப்பாத்தப் பாக்கறாங்க," என்றான் பக்ஸ்லி. "உங்க மனசு யாருக்கு வரும்க்கா?"

"நான் சொல்றது யாருக்காவது காதுல விழுதா? நான் போனேன். கோட்ட மாட்டிட்டுப் போனேன். எல்லாம் என் வழியாத்தான் போச்சு."

ஆப்ரி துரை கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். மிஸஸ் வெஸ்டகாட்டைப் போல ஒருவர் இருப்பதுதான் எஸ்டேட்டின் பெருமை என்றார். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு கோழியைக்கூட விடாதவர், இன்று அடுத்தவர் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்றார். எல்லாரும் எழுந்து கிண்ணத்தை உயர்த்தினார்கள். மாமனார்கூட. ஐவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்புப் பண்ணினேன் என்று சொன்னால்கூட நம்ப மாட்டார்களாம். எதிரே கிடந்த தட்டை அப்படியே தள்ளிவிட்டு வெளியே போனாள்.

லாரிப் பக்கத்தில் க்ளெம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். "எனக்காகப் பொய் சொன்னீங்களே ஐவி அக்கா. மறக்க மாட்டேன். ஆனா என் வழியாத்தான் போயிருக்கும், அசந்துட்டேன் போல."

அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்து, "ஏறு வண்டியில. ஓட்டு," என்றாள்.

கீழ்மூலைக் கதவருகே மாடு மிதித்த சேறு. சேறு பூராவும் மூன்று விரல் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே திசையில். க்ளெம் குந்தி உட்கார்ந்து பார்த்தான். விரலை வைத்துப் பார்த்தான். கண்ணால் அந்தத் தடங்களையே பின்பற்றி எதிர்ச் சரிவின் புதர்வரைக்கும் போனான்.

"இப்பவாவது நம்பறியா?" என்றாள் ஐவி.

"நம்பறேன். இருங்க, பக்ஸ்லியக் கையோட இழுத்துட்டு வரேன்."

லாரிவரை போனவன் கதவில் கை வைத்தபடி நின்றான். அப்புறம் திரும்பி வந்தான்.

"அக்கா, பதினோரு வருஷமா மேல்மூலைல நிக்கறேன். அங்கேருந்தும் ஒண்ணும் தெரியாது. எப்படி இருந்துச்சு?"

ஐவி கதவில் சாய்ந்து முட்டியைத் தடவிக்கொண்டாள். யாரும் இதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை. 

"எட்டுப் பேரு வரிசையா நின்னு வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க க்ளெம்," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."