அறுவைக்கு முன் பூசிய எண்ணெய்

என் மகளுக்கு டான்சில் அறுவை நடந்தது எழுபதுகளின் நடுவில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம். அவளுக்கு எட்டு வயது. அறுவையைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தோம். கம்பிக் கூட்டின்மேல் துணி போர்த்தி, அதை மூக்கில் வைத்து, சொட்டுச் சொட்டாக ஈதர் விடுவார்கள். பிள்ளை திமிறினால் பிடித்து அழுத்த வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு வழி சொன்னார். "வூட்டுல டீ வடிகட்டியில கர்ச்சீப் சுத்தி விளையாட்டு காட்டுங்க சார். அன்னிக்கு நானே பக்கத்துல நிக்கிறேன்."

வில்லியனூர் பக்கத்து ஊரிலிருந்த எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க அதே விளையாட்டுதான். பொம்மைக்கு வைத்தாள், அம்மாவுக்கு வைத்தாள், கடைசியில் எனக்கு.

"ஊதுப்பா. ஒண்ணு ரெண்டு எண்ணு. சிரிக்காதப்பா, சிரிச்சா மருந்து ஏறாது!"

நான் குறட்டை விட்டேன். "இன்னாப்பா நீ, அதுக்குள்ளயா?" என்று வயிற்றில் குத்தினாள். பயம் போய்விட்டது என்று நம்பினோம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாலை என் மனைவியின் அக்கா எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியாரை அழைத்து வந்துவிட்டார். "ஆப்ரேஷன்னா சும்மாவா? பூசிட்டா ஒரு தெம்பு." 'நோயில் பூசுதல்' என்று திருச்சபை அதற்குப் பெயர் மாற்றியதை நான் படித்திருந்தேன். ஊருக்கு அது இன்னும் அவஸ்தைப் பூசுதல்தான். சாகக் கிடப்பவர்களுக்குச் செய்வது. சாமியார் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசியபோது பிள்ளை அசையவே இல்லை.

அவர் போன பிறகு கேட்டாள்: "தாத்தாவுக்கும் இதான் பூசுனாங்க. மறுநாளு பொட்டில வச்சாங்க. நாளைக்கு என்னையுமா?"

என்னென்னவோ சொன்னோம். வடிகட்டியை எடுத்துக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் நர்ஸ் சொன்னபடி வந்து நின்றார். பயனில்லை. கம்பிக் கூட்டைக் கண்டதும் "நான் சாவ மாட்டேன்" என்று அவள் கத்தியது வராந்தாவில் நின்ற எங்களுக்குக் கேட்டது. பிடித்து அழுத்தித்தான் மருந்து கொடுத்தார்கள்.

அறுவை நன்றாகவே முடிந்தது. மயக்கம் தெளிந்ததும், தொட வந்த பெரியம்மாவிடமிருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு நல்லதுன்னுதான்டி கண்ணு கூட்டியாந்தேன்" என்று அவர் அழுதார். பிள்ளை இல்லாதவர், சனிக்கிழமைதோறும் இவளைத் தன் வீட்டில் படுக்கவைத்துக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தொண்டை ஆறி, பேச்சு தெளிந்த பிறகும், அந்த வீட்டில் படுக்க மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை.