கப்டனுக்கு ஒரு காணி

கொட்டாஞ்சேனையில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒழுங்கை ஒன்றுக்குள் யோகேஸ்வரியின் வாடகை வீடு இருந்தது. அதன் பின்புறம் சீமெந்து பூசாத ஒரு துண்டு நிலம். கப்டன் என்ற ஆமை அங்கேதான் வளர்ந்தது.

அதைக் கொண்டுவந்தவன் அவருடைய தம்பி நிரோஷன். துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் வேலை செய்தவன். கப்பலில் வந்த ஒருவன் தந்தான் என்று சொல்லி, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து எடுத்துவந்தான். அப்போது அது ஒரு சிரட்டையளவுதான். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று அம்மா ஏசினார். நிரோஷன் சிரித்துக்கொண்டே அதற்குக் கப்டன் என்று பெயர் வைத்தான்.

2008ஆம் ஆண்டு ஒரு காலை வேலைக்குப் புறப்பட்டவன் வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. பஸ் தரிப்பிடத்தில் யாரோ அவனை ஒரு வான் வண்டிக்குள் ஏற்றியதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரும் அப்படி எதையும் காணவில்லை என்றார். அந்த நாட்களில் அயலில் ஒரு கிழவர் அதே ஆமைப் பழமொழியை அம்மாவின் காதில் விழும்படி சொன்னார். அம்மா பின்பக்கம் போய்க் கீரையை நறுக்கி ஆமைக்குப் போட்டார். அன்றிலிருந்து கப்டன் அம்மாவின் பொறுப்பாயிற்று.

கனடாவிலிருந்து சித்தி கூப்பிட்டபோது அம்மா போகவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடச் சொன்னவர்களிடமும் ஒரே பதில்தான். "அவன் வந்து ஆமையக் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

யோகேஸ்வரி வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் உதவியாளராக இருந்தார். ஊசிக்குப் பயப்படும் நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொள்வதில் கெட்டிக்காரி. விடுமுறை நாட்களில் தம்பியின் படத்துடன் அலுவலகங்களுக்குப் போவார். இருக்கச் சொன்னால் இருப்பார். நாளைக்கு வரச் சொன்னால் எழுந்து வருவார். கலியாணம் பேசி வந்தவர்களை ஒவ்வொருவராகத் தட்டிக்கழித்தார். வருடங்கள் போயின. கப்டன் இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத பெரிய ஆமையாகிவிட்டது. ஒருமுறை குளியலறைக் கதவை முட்டி உடைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

சென்ற வருடம் அம்மா இறந்துபோனார். இந்த வருடம் ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுவதையும் தொடர்மாடி கட்ட யாரோ வாங்கினார்கள். வீட்டை விடச் சொன்னார்கள். கிளினிக்குக்குப் பக்கத்தில் நான்காம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. அங்கே யோகேஸ்வரி போகலாம். ஆமை போக முடியாது.

கப்டனுக்கு முதலில் சரிவந்தது வத்தளையில் ஒரு பெரிய வீடு. கிளினிக்குக்கு வரும் ஒருவருடைய வீடுதான். புல்தரை, மதில், நிழல் எல்லாம் இருந்தன. வீட்டுக்காரர் அன்பாகப் பேசினார். யோகேஸ்வரி நிம்மதியாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

சில வாரங்கள் கழித்து, பார்த்துவிட்டு வரலாமென்று சொல்லாமல் கொள்ளாமல் போனார். கப்டன் கராஜ் தூண் பக்கத்தில் சீமெந்துத் தரையில் கிடந்தது. ஓட்டின் பின்விளிம்பில் துளை போட்டு, அதற்குள்ளால் சங்கிலி கொழுவியிருந்தார்கள். துளையைச் சுற்றி இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"பூமரம் எல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டுது. அதுதான் கட்டினது" என்றார் வீட்டுக்காரர். "ஓட்டிலதானே ஓட்டை. அதுக்கு நோகாது."

"நோகாதெண்டு ஆர் சொன்னது?"

"டிரில்லால ஒரு நிமிச வேலை. அது சத்தமே போடேல்ல."

"நோகாம இருக்க விறைப்பு ஊசியாவது போட்டனீங்களோ?" என்று யோகேஸ்வரி கேட்டார். வீட்டுக்காரர் முழிக்கவே, இன்னும் உரத்துக் கேட்டார். பிறகு கத்தத் தொடங்கினார். சங்கிலியைக் கழற்றுங்கோ, இப்பவே கழற்றுங்கோ என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார். உள்ளேயிருந்து வீட்டார் ஓடிவந்தார்கள். சங்கிலியைக் கழற்றும்வரை அவர் தூணை விட்டு நகரவில்லை. வீட்டுக் காவலாளியும் தெருவில் பிடித்த ஓட்டோக்காரனும் வீட்டாரும் சேர்ந்து ஆமையை ஓட்டோவின் பின்னால் ஏற்றினார்கள். அவர் அதன் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தார்.

ஒழுங்கை முகப்பில் ஜவாஹிறாவின் பலசரக்குக் கடை. விற்று மிஞ்சிய கங்குன் கீரையையும் கோவா இலையையும் இத்தனை வருடமும் கப்டனுக்கென்று எடுத்து வைத்தவர் ஜவாஹிறா. அன்று கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து ஆமையை இறக்கி வீடு வரை இழுக்கக் கை கொடுத்தார். பிறகு இருவரும் பின்வாசலில் உட்கார்ந்தார்கள்.

"என்ர தம்பிக்காக ஒருநாளும் நான் இப்பிடிக் கத்தேல்ல, ஜவாஹிறா" என்றார். "எல்லா இடத்திலயும் மெதுவாத்தான் கதைச்சனான்."

"கத்தியிருந்தா ஒங்களையும் கொண்டு போயிருப்பாங்க அக்கா" என்றார் ஜவாஹிறா. யோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மிருக வைத்தியர் சிவானி வந்து காயத்தைத் துப்புரவாக்கி மருந்திட்டார். இளம் பெண். கப்டனுடைய மூக்கில் நீர் வடிவதையும் பார்த்தார்.

"அன்ரி, இது ஆபிரிக்கக் காய்ஞ்ச நிலத்து ஆமை. கொழும்பு ஈரம் இதுக்குச் சரிவராது. வெயிலும் புல்லும் தோண்டுறதுக்கு மணலும் வேணும். இன்னொண்டு சொல்லோணும். இது இன்னும் அம்பது அறுபது வருசம் இருக்கும். சின்னப் பிள்ளையள் உள்ள வீடாப் பாருங்கோ."

அன்று மாலை ஜவாஹிறா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தூரம் எண்டு நீங்க ஒத்துக்க மாட்டீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லல்ல. புத்தளத்துல எங்கட தம்பி முஸ்அப்ட காணி ஈக்கி. வெங்காயம் செய்றான். மணல் தரை, நல்ல வெயில். ரெண்டு புள்ளைகளும் ஈக்கி."

"நான் முதல்ல போய்ப் பாக்கோணும்."

"பாருங்க. பாக்காமக் குடுக்க ஏலாதுதானே."

யோகேஸ்வரி லீவு எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் பஸ் ஏறினார். முஸ்அப்பின் காணி நகரத்துக்கு அப்பால், உப்புக்காற்று வீசும் இடத்தில் இருந்தது. வெங்காயப் பாத்திகளைச் சுற்றித் தனி வேலி. மிச்ச இடமெல்லாம் காய்ந்த புல், மூலையில் ஒரு விளாமரம். யோகேஸ்வரி வேலி முழுவதையும் கையால் அசைத்துப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். முஸ்அப் பின்னால் வந்தான்.

"பூமரம் ஏதும் வைக்கிற யோசனை இருக்கோ?"

"எங்க அக்கா பூமரம்? வெங்காயத்துக்கே தண்ணி பத்தல்ல."

"கட்டிப் போடுவீங்களோ?"

"கட்டி வைக்கிறதுக்கு எதுக்கு வளக்கிற?"

முஸ்அப்பின் மனைவி சஹ்லா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். யோகேஸ்வரி அதை எடுக்கவில்லை. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"ஆரும் ஒருத்தர் வந்து, இது என்ர ஆமை எண்டு கேட்டாத் திருப்பிக் குடுப்பீங்களோ?"

"ஆரு வருவாங்க?" என்று முஸ்அப் கேட்டான்.

யோகேஸ்வரி சொன்னார். சாப்பாட்டுப் பெட்டி, பெயர் வைத்தது, பஸ் தரிப்பிடம், வான். பலமுறை பல மேசைகளுக்கு முன்னால் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான். ஆனால் இங்கே யாரும் இடைமறிக்கவில்லை, திகதி கேட்கவில்லை.

முஸ்அப் அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். "நானும் அகதி முகாம்ல பொறந்தவன்தான் அக்கா. எங்கட வாப்பாவையும் உம்மாவையும் தொண்ணூறுல மன்னார்ல இருந்து வெரட்டினாங்க. விட்டுட்டுப் போனவங்கட சாமானப் பத்திரமா வச்சிக்கிறது எப்பிடி எண்டு எங்களுக்குத் தெரியும். எத்தின வருசம் போனாலும் அவரு வந்தாக் குடுப்பன். நான் இல்லாட்டி எண்ட புள்ளைகள் குடுக்கும்."

யோகேஸ்வரி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

அடுத்த வாரம் பேலியகொடைச் சந்தையில் வெங்காயம் இறக்கிவிட்டு வெறும் லொறியோடு முஸ்அப் வந்தான். லொறி ஒழுங்கைக்குள் வரவில்லை. சாக்குகளை விரித்து, அவற்றின் மேல் ஆமையை வைத்து, அயலவர்கள் பெருந்தெரு வரை இழுத்து வந்தார்கள். ஆமைப் பழமொழி சொன்ன கிழவர் இப்போது இல்லை. அவருடைய மகன்தான் முன்னால் நின்று இழுத்தார். கப்டன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மழைக்காலத்தில் மூக்கு வடிந்தால் என்ன செய்வது என்று யோகேஸ்வரி இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை தொடங்கும்போது முஸ்அப், "போன் பண்ணுவன் அக்கா" என்றான். லொறி புறப்பட்டது. அவர் வீட்டுக்குத் திரும்பிப் பின்பக்கத்தைக் கூட்டினார். இடிக்கப்போகிற வீட்டை எதற்குக் கூட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

சித்திரை விடுமுறையில் அவர் மறுபடி புத்தளம் போனார். கப்டன் விளாமரத்தடியில் ஆள் நீளத்துக்கு ஒரு வளை தோண்டியிருந்தது. வெயில் ஏறியதும் உள்ளேயிருந்து மெல்ல வந்தது. மூக்கு காய்ந்திருந்தது. ஓட்டில் அந்தத் துளை அப்படியே இருந்தது; ஓரம் மட்டும் ஆறி வெளுத்திருந்தது. யோகேஸ்வரி குனிந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அவருடைய காலைக் கடந்து புல்லை நோக்கிப் போயிற்று.

"ஒங்களத் தெரியல்லயா அதுக்கு?" என்று சஹ்லா வருத்தத்தோடு கேட்டாள்.

"தெரியாட்டிப் பரவாயில்ல. நல்லாத் திண்ணுது. அது போதும்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சஹ்லாவின் பிள்ளைகள் வந்து, ஆமைக்கு நாக்கு எந்த நிறம் என்று தெரியுமா என்று அவரைக் கேட்டார்கள். தெரியாது என்றார். இளஞ்சிவப்பு என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மத்தியானம் அவருக்கென்று சஹ்லா மரக்கறி மட்டும் சமைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும்வரை வளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார் யோகேஸ்வரி. பிறகு கொழும்பு பஸ்ஸுக்கு எழுந்தார்.