இரண்டு கல்லுக்கு நடுவே

பதினெட்டாம் குழிக்குப் போகும் ஏற்றத்தில் அடியளவு அக்காவின் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. தோளில் பல் டாக்டரின் கோல்ஃப் பை. காற்சட்டைக்குள்ளே, வலது முழங்காலில் இறுக்கிக் கட்டிய துணிப்பட்டை. அந்தப் பட்டை அவளுக்கும் அவள் கணவனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

இருபத்தோரு வருடமாக இந்த மலைக்காட்டு மைதானத்தில் பை சுமந்து, பந்துக்கும் குழிக்கும் உள்ள தூரத்தைக் காலால் அளந்து சொல்பவள் அவள். ஒரு காலடி, ஒரு கஜம். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். மூன்று வாரத்துக்கு முன் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து மைதான மேனேஜர் கண்ணில் படும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தாள். கால் முடியாமல் போனவர்களை அவர் சலவை அறைக்கு அனுப்பிவிடுவார். ஜன்னல் இல்லாத அறை. நாள் முழுவதும் துண்டு மடிக்க வேண்டும்.

"மாடிப்படியில வாத்து மாதிரி இறங்குற. அந்த ஆளுகிட்ட சொல்லித் தொலையேன்" என்று காலையில்கூட அவள் கணவன் சிடுசிடுத்தான்.

"சொன்னா நாளைக்கே துண்டு மடிக்கணும். நீங்க வாயை மூடிக்கிட்டு காபியைக் குடிங்க."

இன்று கோப்பைக்கான இறுதி ஆட்டம். நான்காம் குழியிலும் பதினோராம் குழியிலும் அவள் சொன்ன தூரத்தை நம்பி டாக்டர் அடித்த பந்து, குழியைச் சுற்றியுள்ள பச்சைத்திடலைத் தாண்டிக் காட்டுக்குள் பறந்தது. மேனேஜர் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னொரு பந்து உன் பேச்சைக் கேட்டுக் காட்டுக்குள்ள போச்சு, அவ்வளவுதான்."

கண்தான் மங்கிவிட்டதோ? புத்திதான் தடுமாறுகிறதோ?

கடைசிக் குழி. டாக்டரும் எதிராளியும் சமம். பாதை பைன் மரங்களைச் சுற்றி இடப்பக்கம் வளைந்தது.

"மரத்துக்கு மேலேயே தூக்கி அடிச்சிடட்டுமா?" என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். இங்க காத்தே இல்லைன்னு ஏமாறாதீங்க. மர உச்சி ஆடுறதைப் பாருங்க. வலது மேட்டுல போடுங்க, சரிவே உருட்டிட்டு வந்து நடுவுல விடும்."

அப்படியே ஆயிற்று. எதிராளியான ஜவுளிக்கடைக்காரர் மரத்துக்கு மேலே தூக்கி அடித்து, பந்தைக் காட்டுக்கே காணிக்கையாகக் கொடுத்தார். இனி டாக்டர் பச்சைத்திடலில் பந்தை இறக்கினால் போதும். அதன் பின்னாலோ கிடுகிடு பள்ளம்.

பந்திலிருந்து, குழிக்கு நூறு கஜம் என்று காட்டும் கல்வரை நடந்தாள். நாற்பத்தெட்டு. அப்படியானால் நூற்று நாற்பத்தெட்டு. சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். மனசு கேளாமல் திரும்பி வந்து, பந்திலிருந்து பின்னாலிருந்த நூற்றைம்பது கஜக் கல்வரை நடந்து பார்த்தாள். பன்னிரண்டு.

நாற்பத்தெட்டும் பன்னிரண்டும் அறுபது. இரண்டு கல்லுக்கு நடுவே ஐம்பது கஜம்தானே! கல்லா நகர்ந்துவிட்டது?

கல் நகரவில்லை. அவள் காலடிதான் குறுகிவிட்டது; நாற்பத்தெட்டு அடிக்கு நாற்பது கஜம்தான். வலியை மறைக்க மறைக்க, அந்தப் பாழும் கால் எட்டி வைக்க மறந்துபோயிருக்கிறது.

மேனேஜர் பத்தடி தள்ளி நின்றிருந்தார். வாயைத் திறந்தால் குட்டு உடையும். மூடிக்கொண்டால் பந்து பள்ளத்தில்.

"டாக்டர்," என்றாள். "அந்த ரெண்டு பந்தும் போனது என்னாலதான். எனக்கு முழங்கால் போயிடுச்சு, மூணு வாரமா மறைச்சுட்டேன். இது நூத்தி நாப்பதுதான். ஆறாம் நம்பர் மட்டையை வையுங்க, ஏழாம் நம்பரை எடுங்க, அதுதான் கொஞ்சம் கிட்டத்துல போடும்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சொத்தைப் பல்லை மறைக்கிறவங்களைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கேன்" என்று சொல்லி, ஏழாம் நம்பரை உருவினார்.

பந்து எழுந்தது. அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். கைதட்டல் கேட்டுத்தான் திறந்தாள். பந்து பச்சைத்திடலின் நடுவே சாதுவாக உட்கார்ந்திருந்தது.

ஆட்டம் முடிந்து, கோப்பையோடு டாக்டர் முன்னே போய்விட்டார். பையைத் தூக்கக் குனிந்தவளுக்கு முன்னால் மேனேஜரின் நிழல் விழுந்தது.

"பையைக் கீழே வை."

அவளுக்கு உலகமே இருண்டது. "சார், சலவை அறைக்கு மட்டும்..."

"மூணு வாரம் என்னை முட்டாளாக்கிட்டே. அந்தக் கோபம் போக நாளாகும்." அவர் குனிந்து பையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். "நாளைக்கு ஆஸ்பத்திரியில காலைக் காட்டிட்டு வா. வந்ததும் பதினெட்டு குழியையும் புதுசா அளக்கணும். பையைத் தூக்க வேற ஆள் வரும், தூரம் சொல்ல நீதான்."

அவர் ஏற்றத்தில் முன்னே நடந்தார். மூன்று வாரத்தில் முதல் முறையாக, எல்லோர் கண் முன்னாலும் நொண்டியபடியே, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.