தையல்காரி வீட்டு மெழுகு

இது நடந்தது. வழக்கமாக நான் எதற்கும் கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்வேன்; எங்கள் குடியிருப்பே அறியும். இதற்கு ஒன்றும் வைக்கவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரி மாடிப்படியில் உருண்டு செத்து நாற்பது நாள் இருக்கும். வலது ஆள்காட்டி விரல் நுனியைத் தையல் மெஷினுக்குக் கொடுத்தவள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அது வேறு வயிற்றெரிச்சல். "கரண்ட் போச்சுக்கா. வீட்டுல ஒரு மெழுகுவத்தி கூட இல்ல. இருட்டுல இறங்கி விழுந்துட்டா" என்று அழுதான். அதை மூன்று மாடிக்கும் கொண்டுபோனவள் நான்தான். "மெழுகுவத்தி வாங்கக்கூட மனசு வராத கஞ்சம்" என்று ஒரு மூக்கும் வைத்தேன்.

அந்த நாற்பதாவது நாள் காலை அவன் வாசலில் ஒரு குப்பைப் பை. எட்டிப் பார்க்காமல் போக நான் என்ன துறவியா? உள்ளே ஒரு பிஸ்கட் டின். டின் நிறைய மெழுகுவத்தி. அவள் கருகலைக் கிள்ளிப் பத்திரப்படுத்திய பாதித் துண்டுகள்.

சுருக்கென்றது. வாயைத் திறந்தேனா? இல்லை. டின்னைத் தூக்கி வந்தேன். ஓசி ஆயிற்றே.

மாலை நான்கு மணி. கொதிக்கும் தண்ணீரில் டின்னை வைத்து உருக்கினேன். பழைய திரிகளை வடிகட்டிவிட்டு, நான்கு காகிதக் கப்பில் புதுத் திரி நிறுத்தி ஊற்றினேன். ஐந்தரைக்குத் தொட்டேன். கெட்டிதான். ஆனால் ஆறவில்லை... உள்ளங்கைச் சூடு. ஆறே முக்காலுக்கும் அதே சூடு.

7.12. கரண்ட் போனது.

ஒன்றை ஏற்றினேன். ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. சுடர் சாய்ந்தது... எதிர்வீட்டுப் பக்கம். இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் அதே பக்கம்.

டொக். டொக்.

"அக்கா, மெழுகுவத்தி இருக்கா? கீழ ஃபியூஸ் பாக்கணும்."

"உங்க வீட்டுல இல்லையா தம்பி?"

"ஒண்ணு கூட இல்லக்கா."

அதே வார்த்தை. எரிந்ததையே நீட்டினேன்.

"என்னக்கா, இப்படிச் சுடுது?"

"புதுசா ஊத்துனது. உங்க டின்னுதான்."

அவன் முகம் வெளுத்தது. சுடர் நிமிர்ந்தது.

மெழுகுவத்தியோடு இறங்கினான். செருப்புச் சத்தம். சரக்... சரக்...

பின்னாலேயே இன்னொன்று.

வெறுங்கால்.

"யாரு?" என்றான்.

தட... தட... தட...

7.19.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழே அவன். அசைவில்லை. மேல்படியில் மெழுகுவத்தி... நேராக நின்று எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பிடித்து விசாரித்தேன்.

"சட்டை முதுகுல மெழுகுக்கா. ரெண்டு கையும் வச்சுத் தள்ளுன மாதிரி. வலது கை அச்சுல ஒரு விரல் மட்டும் குட்டை."

அன்றே மூன்று மாடிக்கும் ஏறி, டின் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கஞ்சம் என்று நான் வைத்த மூக்கை மட்டும் சொல்லவில்லை.

இதோ, எழுதியும் விட்டேன். அவள் கஞ்சமில்லை. நான்தான் பொய் சொன்னேன்.

மீதி மூன்றும் அலமாரியில் இருக்கின்றன. இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன்.

இன்னும் ஆறவில்லை.