வீட்டுக்கு எப்படி வரணும்?

என் மனைவிக்குக் கல் நெஞ்சு என்று சொன்னால் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியே என்னை அடிக்க வரும். ஆனால் மெஷினே சொல்லிவிட்டதே, நான் என்ன செய்ய?

தீக்காய வார்டில் கட்டுப் பிரித்துக் கட்டும் நர்ஸ் அவள். எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். அடுத்தவர் வலியைப் பார்த்தால் நம் மூளை என்ன செய்கிறது என்று சோதிக்க, ஒரு டாக்டர் நர்ஸுகளையும் வெளியாட்களையும் கூப்பிட்டார். நானும் போனேன். ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து, யார் கையிலோ ஊசி ஏறுவதைக் காட்டினார்கள். எனக்கு வேர்த்து ஊற்றியது. ஊசி எனக்கே ஏறியதுபோல் என் மூளை பதறியதாம். அவளுடையது சும்மா கிடந்ததாம்!

"இவங்க மூளை அடுத்தவங்க வலியோட சத்தத்தக் கொறச்சு வெச்சிருக்கு. இல்லன்னா கை நடுங்கும்," என்றார் டாக்டர்.

"என் கை நடுங்கினா பேஷண்டுக்குத்தானே சார் வலிக்கும்," என்றாள் அவள்.

வீடு வரும்வரை அவளைக் கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே வந்தாள்.

வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம். பழைய கட்டு புண்ணோடு ஒட்டியிருக்கும். நனைத்து உரிக்கும்போது, "உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?" என்று நோயாளியிடம் கேட்பாள். அலறிக்கொண்டே வழி சொல்வார்கள். டெய்லர் கடை, சந்து, பச்சை கேட். கேட் வருவதற்குள் கட்டு வந்துவிடும். முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டாள்.

போன மாதம் அவள் தம்பியே அங்கே வந்து படுத்தான். ஆள் கதவளவு, வீட்டில் பெயர் குட்டி. எங்களோடுதான் இருக்கிறான். பட்டறையில் பெயிண்டில் கலக்கும் தின்னர் பற்றிக்கொண்டு வலது கை தோள்வரை வெந்துவிட்டது. தினமும் சுத்தம் செய்யாவிட்டால் சீழ் பிடித்துக் கையையே எடுக்க வேண்டிவரும் என்றார்கள்.

"அக்காவத் தவிர எவனும் தொடக் கூடாது," என்று ஒரே பிடியாக நின்றான். அவளும் தைரியமாகத்தான் போனாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

நனைத்தாள். உரித்தாள். அவன் கத்தினான். பழக்கதோஷம், அவள் வாய் கேட்டுவிட்டது: "உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?"

"நம்ம வீட்டுக்கா, அக்கா?" என்றான் அவன். "உனக்குத் தெரியாதா?"

நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். கை நின்றுபோனது. மறுபடி பிடித்தாள், விரல் நடுங்கிப் புண்ணில் உரசியது. அவன் துடிக்க அவள் நடுங்கினாள், அவள் நடுங்க அவன் இன்னும் துடித்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த மெஷினுக்குள் அன்றைக்கு அவளைப் படுக்கவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கூட வேலை செய்யும் சின்ன சிஸ்டர் அவள் தோளைப் பிடித்து நகர்த்தினாள். "நீங்க வெளிய போங்க சிஸ்டர். நீங்க இருந்தா அவருக்குத்தான் கஷ்டம்."

"அக்கா, போகாதக்கா!"

போனாள். இருந்து என்ன செய்வாள்? நோயாளிகளின் சொந்தக்காரர்களை இவளே துரத்திவிடும் அந்த பெஞ்சில் வந்து விழுந்தாள்.

உள்ளே அலறல். நான் காதைப் பொத்திக்கொண்டேன். "ஐயோ, ஒண்ணுத்துக்கும் ஒதவாமப் போயிட்டேனே," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கையைக் கூப்பி, "சாமி, அந்தப் பொண்ணு மனசு கல்லா இருக்கணும். அவளுக்கு எதுவும் தோணக் கூடாது," என்றாள்.

"உங்க வீட்டுக்கு எப்படிங்க வரணும்?" உள்ளே சின்ன சிஸ்டரின் குரல்.

"பெட்ரோல் பங்க் தாண்டி... அம்மா... ரெண்டாவது சந்து... மூணாவது மாடி... பெல் வேல செய்யாது... 'அக்கா'ன்னு கூப்பிடுங்க... ஒடனே வந்து கதவத் தெறப்பா..."

பிறகு அவனே 'அக்கா, அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தான். என் மனைவி சாத்திய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.