அண்ணியும் நானும் படித்த ஆங்கில இலக்கணம்

எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்கு ஆங்கிலம் போனது. அண்ணிக்கும் அதே பாடம்தான், எனக்கு ஒரு வருஷம் முன்னால். ஃபெயிலான கையோடு அவளை என் அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வத்தல்மலை அடிவாரத்தில் இருந்த எங்கள் வூட்டுக்கு அவள் வந்தபோது, டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இலக்கணப் புத்தகமும் வந்தது. அறுபதுகள் முடியும் நேரம் அது.

அக்டோபர் பரீட்சைக்கு இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்தோம். ஊரில் சிரித்தார்கள். "முழுகாம இருக்கறவளுக்கு எதுக்கு இங்கிலீசு?" என்று அம்மாவிடமே கேட்டார்கள். அண்ணி அப்போது ஐந்து மாதம்.

எங்களைக் கவிழ்த்தது கிளாஸ் (clause) என்கிற சமாச்சாரம். நீளமான ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதில் மெயின் கிளாஸ் எது, சபார்டினேட் கிளாஸ் எது என்று பிரிக்கச் சொல்வார்கள். கிளாஸ் என்றால் வகுப்பு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணிக்கு அது பிடிபட்டது. களைக்கொத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏ புள்ள, 'மழை பேஞ்சா'ன்னு மட்டும் சொல்லிட்டு நான் போயிட்டா நீ என்ன கேப்ப?"

"பேஞ்சா என்னங்க அண்ணின்னு கேப்பேன்."

"'நாம விதைப்போம்'னு மட்டும் சொன்னா?"

"சரிங்கன்னு போயிடுவேன்."

"அவ்ளோதான்! தனியா நின்னாலும் அர்த்தம் முடிஞ்சிருந்தா அது மெயின் கிளாஸ். இன்னொண்ணுக்காகக் காத்துக்கிட்டு நின்னா சபார்டினேட். இங்கிலீசுல இஃப்பு, வென்னு, பிகாஸுன்னு முன்னாடியே சொல்லிடறான். நம்ம பேச்சுல அது கடைசில ஒட்டிக்கிட்டு வருது. அதான் நமக்குப் புரியல."

அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் பிரித்துப் பார்ப்பதே எங்களுக்கு வேலை. "சோறு ஆறுது, வந்து தின்னுங்க" என்று அம்மா கத்தினால், "ரெண்டும் மெயினு" என்பாள் அண்ணி. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பாஸாகிவிட்டால் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் டீச்சர் டிரெயினிங் போவது என்று பேசி வைத்திருந்தோம்.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவளுக்குக் கால் வீங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும் என்றார்கள். ஒரு காலையில் தலைவலி என்று உட்கார்ந்தவளுக்கு வலிப்பு வந்தது. அண்ணன் வண்டி கட்டினான். தருமபுரி போகிற வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மத்தியானம் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று.

பரீட்சை அன்று நான் பாயை விட்டு எழவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஏறு."

"நான் போகலண்ணா."

"அவ படிச்சதை நீயாவது போய் எழுது. ஏறு."

இருவருக்கும் அடுத்தடுத்த எண். என் பக்கத்து பெஞ்சில் சாக்பீஸால் அவள் எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு வரலயாம்மா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கிளாஸ் கேள்வி அன்று சுலபமாக வந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அண்ணி குரலில்தான் படித்தேன். ஒன்றையும் விடாமல் எழுதினேன்.

பாஸானேன். மறுவருஷம் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் என் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, ஜன்னலோரம் வந்து நின்றான். சாவுக்குக்கூடக் கண்ணில் தண்ணீர் வராதவன்.

"ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பேன்" என்றான்.

பஸ் கிளம்பியது. அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.